கம்பெனி பஸ் ஊரில் மெட்ரோ

காலை ஐந்து மணி ஆகும் முன்பே ஸ்ரீபெரும்புதூர் அருகே பென்னலூர் நெடுஞ்சாலை ஓரம் விழித்துக்கொள்ளும். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் சாப்பாட்டுப் பை, சிலர் காலில் வீட்டிலிருந்தே மாட்டிக்கொண்டு வந்த சேஃப்டி ஷூ. வரிசையாக வரும் பேருந்துகள் தூரத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். முன்கண்ணாடிக்குள் செருகிய அட்டையில் கம்பெனி பெயரும் ரூட் நம்பரும் இருக்கும். நிற்பவர்கள் அதைப் படிப்பதுகூட இல்லை. ஹெட்லைட்டின் உயரத்தையும் டிரைவர் ஹாரன் அடிக்கும் விதத்தையும் வைத்தே தங்கள் வண்டியைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஏறுகிறார்கள், வழக்கமான சீட்டில் உட்காருகிறார்கள், வண்டி அடுத்த ஸ்டாப்பைத் தாண்டுவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுகிறார்கள்.

இந்தச் சாலையை ஒட்டித்தான் மெட்ரோ வரப்போகிறது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை வரும் 26.1 கி.மீ. தடத்தை, அங்கே நிறுத்தாமல் திருமழிசை, இருங்காட்டுக்கோட்டை, பென்னலூர், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வழியாகப் பரந்தூர் விமான நிலையம்வரை நீட்டுவது திட்டம். அதில் முதல் பகுதியான பூந்தமல்லி – சுங்குவார்சத்திரம் தடத்துக்கு 2025 மே மாதம் தமிழ்நாடு அரசு கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது: 27.9 கி.மீ., 14 நிலையங்கள், மதிப்பீடு 8,779 கோடி ரூபாய். நிலையங்களின் பட்டியலில் பென்னலூர் பெயரும் உண்டு. கார் பந்தயத் தடத்தையும் கார் தொழிற்சாலையையும் பக்கத்தில் வைத்திருக்கும் ஊர்களுக்கு நடுவே, காரே வேண்டாம் என்று சொல்லும் ஒரு வண்டி ஓடப்போவது கொஞ்சம் வேடிக்கைதான்.

தூண் எப்போது எழும், பணம் எங்கிருந்து வரும் என்பதெல்லாம் செய்தித்தாள்கள் பார்த்துக்கொள்ளும். ரயில் வந்து நின்றால், அந்த ஐந்து மணிக் கூட்டம் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டுப் படியேறுமா? நமக்கு இப்போது வேண்டியது இந்தக் கேள்விக்கான பதில்தான். பயணப் பழக்கம் எப்படி உருவாகிறது, எப்போது உடைகிறது என்று உலகம் முழுவதும் ஐம்பது ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டது பலவும் நம் எதிர்பார்ப்புக்கு நேர்மாறானது.

தினமும் எந்த வழியில் போவது என்று நாம் யோசிப்பதே இல்லை. முதல் சில வாரங்கள் யோசிக்கிறோம். பிறகு அலாரம், குளியல், தெருமுனை, பஸ் என்று ஒன்றைத் தொட்டு மற்றொன்று தானாக நடக்கிறது. மூளைக்கு அது மிச்சம். அதனாலேயே பக்கத்தில் நல்ல வழி ஒன்று திறந்தாலும் கண்ணில் படாது. 2014 பிப்ரவரியில் லண்டன் பாதாள ரயில் ஊழியர்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பாதிக்கு மேற்பட்ட நிலையங்கள் மூடிக் கிடந்தன. லட்சக்கணக்கானோர் வேறு வழியில்லாமல் வேறு வழியைத் தேடினார்கள். ஷான் லார்கம், ஃபெர்டினாண்ட் ரவுக், டிம் வில்லம்ஸ் என்ற மூன்று பொருளியலாளர்கள் பயண அட்டைப் பதிவுகளை எடுத்து, வேலைநிறுத்தம் முடிந்தபிறகு என்ன ஆனது என்று பார்த்தார்கள். பெரும்பாலானோர் பழைய வழிக்கே திரும்பிவிட்டார்கள். சுமார் 5 சதவீதம் பேர் மட்டும் திரும்பவில்லை. அந்த இரண்டு நாளில் தற்செயலாகக் கண்ட வழி, ஆண்டுக்கணக்கில் போய்க்கொண்டிருந்த வழியைவிட அவர்களுக்கு நன்றாக இருந்தது. தினமும் பயணிக்கும் ஒருவருக்குத் தன் ஊரிலேயே எது நல்ல வழி என்று தெரியாமல் இருந்திருக்கிறது. லண்டன் ரயில் வரைபடம் அழகுக்காகத் தூரங்களை மாற்றிக் காட்டுவதும் இதற்கு ஒரு காரணம் என்று அவர்கள் கண்டார்கள். வரைபடம் அதிகம் பொய் சொல்லும் பகுதிகளில்தான் வழி மாறியவர்களும் அதிகம்.

ஜப்பானில் ஒசாகா அருகே ஒரு விரைவுச்சாலையை எட்டு நாள் மூடியபோது சதோஷி ஃபுஜியும் அவருடைய சகாக்களும் கார் ஓட்டிகளிடம் பேசினார்கள். ரயிலிலோ பஸ்ஸிலோ போனால் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டதற்கு, உண்மையில் ஆவதைவிடக் கூடுதலாகவே மதிப்பிட்டிருந்தார்கள். ஏறிப் பார்த்த பிறகுதான் கணக்கு திருந்தியது. அப்படித் திருந்தியவர்களில் ஒரு பகுதியினர் சாலை திறந்தபின்னும் ரயிலை விடவில்லை.

மூன்றாவது சான்று பிரிட்டனின் பீட்டர்பரோ நகரிலிருந்து. உளவியலாளர் பாஸ் வெர்பிளாங்கனும் டெபோரா ராயும் 800 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2016-ல் வெளியானது. சூழலுக்கு உகந்த பழக்கங்களுக்கு மாறும்படி தூண்டினால் யார் மாறுகிறார்கள் என்று பார்த்தார்கள். அண்மையில் வீடு மாறியவர்களிடம் அது கூடுதலாகப் பலித்தது. அந்த இளக்கம் மூன்று மாதம்போல நீடித்தது. அதற்குப் பிறகு புது வீட்டிலும் பழக்கம் இறுகிவிட்டது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், மெட்ரோ வந்ததும் ஊரே அதில் ஏறிவிடும் என்ற எதிர்பார்ப்பு ஏன் பலிப்பதில்லை என்பது விளங்கும். சென்னையிலேயே பாருங்கள். 2015 ஜூன் 29-ல் கோயம்பேடு – ஆலந்தூர் தடம் திறந்தபோது ஏறியவர்களில் பலர் குழந்தை குட்டிகளோடு சுற்றிப்பார்க்க வந்தவர்கள். 2019-ல் ஆண்டு முழுவதும் ஏறியவர்கள் 3.28 கோடி. கொரோனா அந்தக் கணக்கைக் குலைத்தது. 2022-ல் 6.09 கோடி, 2023-ல் 9.11 கோடி, 2024-ல் 10.52 கோடி. 2022 மார்ச்சுக்குப் பிறகு முதல் கட்டத்தின் 54 கி.மீ. தடத்தில் புதிதாக ஒரு நிலையம்கூடத் திறக்கவில்லை. தண்டவாளம் அப்படியே இருந்தது, கூட்டம் மட்டும் ஏறக்குறைய முக்கால் பங்கு கூடியது. கொரோனாவுக்குப் பின் அலுவலகங்கள் திறந்தது ஒரு பகுதிக் காரணம்தான். மீதி, வேலை மாறியவர்கள், வாடகை வீடு மாறியவர்கள், கல்லூரியில் சேர்ந்தவர்கள், பைக் விபத்துக்குப் பிறகு வீட்டில் திட்டு வாங்கியவர்கள் என்று ஒவ்வொருவராக வந்து சேர்ந்தது என்பது என் கணிப்பு. ரயில் காத்திருந்தது, ஆட்கள் தங்கள் வாழ்க்கையில் ஒரு முறிவு வந்தபோது வந்தார்கள்.

காத்திருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் சென்னையிலேயே உதாரணம் உண்டு. 1995-ல் கடற்கரையிலிருந்து ஓடத் தொடங்கிய பறக்கும் ரயில், திருமயிலை, திருவான்மியூர் என்று நீண்டு 2007-ல் வேளச்சேரியை அடைந்தது. ஓர் அரண்மனை அளவுக்கு நிலையங்கள் கட்டினார்கள். பக்கத்துத் தெருவில் போகும் பஸ்ஸுக்கும் அந்த நிலையத்துக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. மாலைக்குப் பிறகு அந்த இருட்டுக் கூடங்களில் நடக்கப் பெண்கள் தயங்கினார்கள். கட்டணம் மலிவுதான். ஆனாலும் பல ஆண்டுகள் காற்று வாங்கியது.

பென்னலூர் கதை இந்த இரண்டிலிருந்தும் வேறானது. சென்னையில் மெட்ரோவின் போட்டியாளர் பைக்கும் மாநகரப் பேருந்தும். இங்கே கம்பெனி பஸ். அது தொழிலாளி தானாகப் பழகிக்கொண்ட ஒன்றல்ல, கம்பெனி அவருக்குப் போட்டுக்கொடுத்தது. ஹூண்டாய் 1996-ல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்ததிலிருந்து இந்த வட்டாரம் வளர்ந்த முறையே அப்படித்தான். தொழிற்சாலை ஒரு மூலையில், ஆட்கள் காஞ்சிபுரம், அரக்கோணம், திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்கள் முழுவதும். அரசுப் பேருந்தை நம்பி ஷிப்ட் நடத்த முடியாது. ஆகவே கம்பெனியே வண்டி விட்டது.

அந்த வண்டியின் அருமை டிக்கெட் விலையில் தெரியாது. ஒன்று, சீட் நிச்சயம். இரண்டு, தூக்கம். போக்குவரத்துப் பொருளியலில் பயண நேரத்தை முழுக்க இழப்பாகக் கணக்கிடுவது வழக்கம். நைட் ஷிப்ட் முடித்து வருபவரிடம் அந்த ஒரு மணி நேரத்தை இழப்பு என்று சொல்லிப் பாருங்கள். இடையில் இறங்கி வேறு வண்டி மாறவேண்டும் என்றால் அந்தத் தூக்கம் துண்டாகிவிடும். மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கம்பெனி பஸ் டிராபிக்கில் மாட்டிக்கொண்டு அரை மணி தாமதமானால் அது கம்பெனியின் பாடு. பல ஆலைகளில் அந்த வண்டியில் வந்தவர்களுக்குச் சம்பளம் பிடிப்பதில்லை. சொந்தமாக வந்து பத்து நிமிடம் தாமதமானால் அது உங்கள் பாடு. மெட்ரோ எவ்வளவு சரியான நேரத்துக்கு ஓடினாலும், தாமதத்தின் பொறுப்பு தொழிலாளியின் தலைக்கு மாறுகிறது. எந்தத் திட்ட அறிக்கையின் பயணி மதிப்பீட்டிலும் இதற்கு ஒரு கட்டம் இருக்க வாய்ப்பில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. பஸ் ரூட் எதுவோ அதுவே உங்கள் வேலைவாய்ப்பின் எல்லை. உங்கள் ஊருக்கு வண்டி விடாத கம்பெனியில் கூடுதல் சம்பளம் கிடைத்தாலும் சேர முடியாது. சேர வேண்டுமானால் வீட்டை மாற்ற வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா 2014 நவம்பரில் மூடியபோது வேலை மட்டும் போகவில்லை, அந்த ஊர்களுக்கு வந்துகொண்டிருந்த வண்டிகளும் மறுநாள் வரவில்லை. பொதுப் போக்குவரத்துக்கு அந்தக் குணம் கிடையாது. ஒரு ஆலை மூடினாலும் தடம் இருக்கும், அடுத்த ஆலை வாசலுக்குப் போகும். வேலை மாறினாலும் வீடு மாறவேண்டாம் என்ற நிலை வந்தால், சம்பளம் பேசும்போது தொழிலாளியின் குரல் கொஞ்சம் உயரும்.

சரி, ஷிப்ட் நேரத்துக்கு ரயில் ஒத்துவருமா? இங்கே பொதுவான முறை காலை ஆறு – இரண்டு, இரண்டு – பத்து, இரவு பத்து – ஆறு. சென்னை மெட்ரோ இப்போது காலை ஐந்து மணிக்குத் தொடங்கி இரவு பதினொன்றுக்குக் கடைசி வண்டி விடுகிறது. நிறுத்தங்களையும் சேர்த்து மெட்ரோவின் சராசரி வேகம் மணிக்கு 35 கி.மீ.க்கு அருகே வரும். வடபழனியில் ஐந்து மணி வண்டியைப் பிடித்தால் பென்னலூரில் இறங்க ஏறத்தாழ ஆறு ஆகிவிடும். கேட், சோதனை, உடை மாற்றுதல் எல்லாம் அதற்குப் பிறகு. முதல் ஷிப்ட் போச்சு. பூந்தமல்லியில் ஏறுபவருக்கு அரை மணிப் பயணம் என்பதால் தப்பிக்கலாம். இரண்டாம் ஷிப்ட் முடித்துப் பத்தரைக்கு நிலையம் வருபவருக்குக் கடைசி வண்டி கிடைக்கும், ஒரு ஷேர் ஆட்டோ தாமதமானால் அதுவும் சந்தேகம். நைட் ஷிப்டுக்குப் போக வர மட்டும் சிக்கல் இல்லை. ஆக முடிச்சு விழுவது அதிகாலை ஒரு மணி நேரத்தில்.

அதை அவிழ்க்க வழி உண்டு. கலங்கரை விளக்கம் – பூந்தமல்லித் தடத்துக்கென அல்ஸ்டாம் நிறுவனம் ஸ்ரீசிட்டியில் செய்து அனுப்பும் மூன்று பெட்டி ரயில்கள் ஓட்டுநர் இல்லாமல் ஓடக்கூடியவை. பணிமனை பூந்தமல்லியில். ஓட்டுநரை மூன்று மணிக்கு எழுப்பி வரவழைக்க வேண்டிய அவசியமில்லாததால், நாலேகாலுக்கு மேற்கு நோக்கி இரண்டு வண்டிகளைக் கூடுதலாக விடுவது பெரிய செலவல்ல. தடை வேறிடத்தில் இருக்கிறது: தண்டவாளம், மின்கம்பி, சிக்னல் எல்லாவற்றையும் சரிபார்க்கக் கிடைப்பது அந்த நள்ளிரவு இடைவெளி மட்டுமே. அதில் முக்கால் மணி நேரத்தைக் கடித்தால் பராமரிப்புக்காரர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

கூட்டத்தின் வடிவமும் வித்தியாசமானது. நகரத்து மெட்ரோவில் காலை எட்டிலிருந்து பத்தரை வரை கூட்டம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். ஷிப்ட் கூட்டம் மதகைத் திறந்ததுபோல ஒரே நேரத்தில் வரும், இருபது நிமிடத்தில் பிளாட்பாரம் காலி. மூன்று பெட்டி ரயிலில் நெருக்கி நின்றால் ஏறத்தாழ ஆயிரம் பேர். ஆறு நிமிடத்துக்கு ஒன்று விட்டால் மணிக்குப் பத்தாயிரம். ஐம்பது பேர் உட்காரும் கம்பெனி பஸ் கணக்கில் அது இருநூறு வண்டி. இன்னொரு சாதகமும் இருக்கிறது. பெரும்பாலான மெட்ரோக்கள் காலையில் நகரத்தை நோக்கி நிரம்பி, திரும்பும்போது காலியாக ஓடும். இந்தத் தடத்தில் சென்னையிலிருந்து ஆலைக்கும் கல்லூரிக்கும் வருபவர்கள் ஒரு பக்கம், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து நகரத்துக்குப் போகிறவர்கள் மறுபக்கம். இரு திசையிலும் ஆள் இருக்கும்.

கடைசி மூன்று கிலோமீட்டர்தான் பெரிய வினா. நிலையம் நெடுஞ்சாலையில், ஆலை வாசல் சிப்காட் உள்ளே. ஒரகடத்து ஆலைகளோ ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் பத்து கிலோமீட்டருக்கு மேல். மெட்ரோ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ரயிலுக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு நிமிடத்தைவிட, வெளியே காத்து நிற்கும் ஒரு நிமிடத்தை மக்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு கனமாக உணர்கிறார்கள் என்பது போக்குவரத்துத் திட்டக்காரர்களின் பழைய கணக்கு. லாரிகள் உரசிப் போகும் சர்வீஸ் ரோட்டில் சித்திரை வெயிலில் நின்றால் இரண்டு மடங்கு என்பதுகூடக் குறைவுதான். பைக்காரரின் கணக்கையும் பார்ப்போம். லிட்டருக்கு 50 கி.மீ. கொடுக்கும் வண்டிக்குக் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் பெட்ரோல். பதினைந்து கிலோமீட்டருக்கு முப்பது. சென்னை மெட்ரோவில் 12 முதல் 21 கி.மீ. வரை இப்போது 40 ரூபாய். இறங்கி ஷேர் ஆட்டோவுக்கு இன்னொரு இருபது. டயர், சர்வீஸ், இன்சூரன்ஸ் எதையும் பைக்காரர் கணக்கில் சேர்ப்பதில்லை, சேர்க்கச் சொன்னாலும் கேட்கமாட்டார்.

இங்கேதான் கம்பெனி பஸ் எதிரியாக இருக்கவேண்டியதில்லை என்று தோன்றுகிறது. நாற்பது கிலோமீட்டர் ஓடிவரும் ஒரு பஸ் ஒரு ஷிப்டுக்கு ஒரு நடைதான் அடிக்கும். அதே பஸ் நிலையத்துக்கும் கேட்டுக்கும் நடுவே மட்டும் ஓடினால் அந்த நேரத்தில் நாலைந்து நடை அடிக்கும். முன்கண்ணாடியில் அதே கம்பெனி அட்டை, அதே டிரைவர். அந்த வண்டியில் ஏறிவிட்டால் தாமதம் கம்பெனியின் பொறுப்பு என்று ஒரு வரி எழுதிக்கொடுத்தால், மேலே சொன்ன மூன்றாவது தயக்கமும் போய்விடும். தொழிலாளியின் பழக்கத்தில் பாதி அப்படியே இருக்கும், பாதிதான் மாறவேண்டும்.

புதிதாக ஊன்றும் பழக்கத்துக்கு இந்த வட்டாரம் தோதான மண்ணும்கூட. வெர்பிளாங்கன் சொன்ன மூன்று மாத இளக்கம் சென்னைக் குடும்பஸ்தருக்கு ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். இங்கே ஒப்பந்த வேலைக்கு மாதந்தோறும் ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருபவருக்கும், தென் மாவட்டத்திலிருந்து முதல் வேலைக்கு வரும் பெண்ணுக்கும், பென்னலூரில் இருக்கும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரிக்குள் ஆண்டுதோறும் காலெடுத்து வைக்கும் முதலாண்டு மாணவருக்கும் உடைக்கவேண்டிய பழக்கமே இல்லை. முதல் வாரத்தில் யார் அவர்கள் கையைப் பிடித்து எந்த வண்டியைக் காட்டுகிறார்களோ, அதுவே நிற்கும்.

வேகமான வண்டி வந்தால் பயண நேரம் மிச்சமாகும் என்று நினைப்போம். 1970-களில் யாகோவ் சஹாவி பல நாட்டு நகரங்களின் கணக்கை ஒப்பிட்டு வேறொன்றைச் சொன்னார்: சராசரி மனிதர் நாளொன்றுக்குப் பயணத்துக்கு ஒதுக்குவது ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான், வேகம் கூடினால் நேரம் மிச்சமாவதில்லை, தூரம் கூடுகிறது. ஊர் பரவும். இதைப் படிக்காமலே புரிந்துகொண்டவர்கள் ரியல் எஸ்டேட்காரர்கள். ரயில் வருவதற்கு முன்பே வந்துவிடுவது "மெட்ரோ அருகில்" என்ற மனை விளம்பரம்தான். வாடகை ஏறினால், ரயிலுக்காகப் பக்கத்தில் குடிவந்த ஒப்பந்தத் தொழிலாளி ரயிலைவிட்டு நான்கு கிலோமீட்டர் தள்ளிப்போவார், பிறகு பைக் வாங்குவார்.

இதுவரை பேசியதெல்லாம் வேலைக்குப் போகும் பயணம். அதைவிடப் பெரிய மாற்றம் ஞாயிற்றுக்கிழமையில் நடக்கும் என்பது என் எண்ணம். இதே வட்டாரத்தில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்ட் 17-ல் திறக்கப்பட்டது. கட்டுமானச் செலவு 706.50 கோடி ரூபாய். சுற்றுவட்டாரத் தனியார் விடுதிகளில் தங்கியிருப்பவர்கள் தனி. விடுதியிலிருந்து ஆலைக்கும் ஆலையிலிருந்து விடுதிக்கும் அவர்களைக் கம்பெனி பஸ் கொண்டுபோய் விடுகிறது. வேறெங்கும் விடாது. தி.நகரில் ஒரு சுடிதார் எடுக்க, கண் டாக்டரைப் பார்க்க, மெரினாவில் கால் நனைக்க, சென்ட்ரலில் ஊருக்கு ரயிலேற என்று எதற்கும் அந்த ரூட் நம்பர் பயன்படாது. 2021-ல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு, சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. ரூபாய்க் கணக்குக்கு அப்பால், போகாமலே விட்ட இடங்களுக்குப் போனதும் அதில் உண்டு. மெட்ரோவில் அப்படி இலவசம் இல்லை. ஆனால் கடற்கரைவரை ஒரே தடம், வெளிச்சமான நிலையம், நடத்துநரிடம் வழி கேட்கவேண்டிய அவசியமில்லாத பெயர்ப்பலகை. ஊருக்குப் புதிதாக வந்த பத்தொன்பது வயதுப் பெண் இருவர் மூவராகச் சேர்ந்து முதல்முறை போய்வர இது போதும். ஒருமுறை போய்வந்தவர்கள் அடுத்த மாதம் தோழியை அழைத்துக்கொண்டு போவார்கள்.

கடைசி வண்டி இரவு பதினொன்றுக்கு என்றாலும் விடுதி கேட் அதற்கு வெகுமுன்பே பூட்டப்படும். ஞாயிற்றுக்கிழமை அட்டவணையும் நிலையத்திலிருந்து விடுதிக்கு இணைப்பு வண்டியும் திட்டமிடுகிறவர்கள், கம்பெனி மனிதவளத் துறையோடு விடுதி வார்டன்களையும் கூட்டத்துக்கு அழைக்கவேண்டும்.